மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கார் பழகப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோது எனக்கு வயது 42. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போகும்போது கூடப் பரவாயில்லை, முடிந்து வரும்போது அவங்களுக்கு உடம்பில் ஒரு துளி தெம்பு இருக்காது, சில நாள் பிரஷர் இறங்கிப்போய் தலையைச் சுற்றும், அந்த நிலைமையில் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வருவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வீட்டு வாசலில் வேகன் ஆர் நிற்கிறது. ஓட்டத் தெரிந்த என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் வேலையில் இருக்கிறார், சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். சரி, நாமே ஓட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்குவது பெரிய வேலையாக இல்லை. அரசாங்கத்தின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பம், 40 வயது தாண்டியதால் டாக்டர் கையெழுத்துப் போட்ட 1-ஏ படிவம், அப்புறம் அந்தக் கணினித் தேர்வு. சாலைக் குறியீடுகளை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு கேள்வி: மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் யார் வழிவிட வேண்டும்? மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். மனப்பாடம் செய்து சரியாக டிக் பண்ணினேன். ஏன் அப்படி ஒரு விதி என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், குறைந்தது 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகலாம். அந்த இடைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். 15 நாள், தினமும் அரை மணி நேரம். காரில் என்னோடு இன்னும் இரண்டு பேர் பின்சீட்டில் இருப்பார்கள், ஒருவர் இறங்கினால் அடுத்தவர் உட்கார வேண்டும், அதனால் ஸ்டியரிங் என் கையில் இருந்தது இருபது நிமிஷம் இருக்கும். மதுரையில் எங்கள் எல்லிஸ் நகர் 70 அடி ரோடு, பைபாஸில் பழங்காநத்தம் வரை, திரும்ப காளவாசல் பக்கம். ஒரு வாரத்திலேயே மூன்றாவது கியர் போட்டு ஓட்டினேன். வண்டி ஒரு தடவை கூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அடுத்த மாசம் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார, வண்டிக்கு முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டி, எங்கள் வேகன் ஆரை எடுத்தேன். கேட்டைத் தாண்டவில்லை. ஒரு உலுக்கு, ஆஃப். திரும்ப ஸ்டார்ட், திரும்ப உலுக்கு, ஆஃப். ஒன்பது தடவை. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, "வண்டிக்கு வண்டி கிளட்ச் மாறும், பழகிரும்" என்றுதான் சொன்னார். கிளட்ச் என்பது இன்ஜினைச் சக்கரத்தோடு சேர்க்கிற, பிரிக்கிற இடது கால் மிதி; அதைச் சட்டென்று விட்டால் வண்டி நின்றுவிடும். ஆனால் எட்டு நாளாக ஒரு தடவை கூட நிற்காத வண்டி இங்கே மட்டும் ஏன் ஒன்பது தடவை நிற்க வேண்டும்?

மறுநாள் கிளாசில் ரோட்டைப் பார்ப்பதற்கு நடுவே ஒரு நொடி கீழே பார்த்தேன். மாஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் உண்டு, அது எல்லாருக்கும் தெரியும். ஆபத்துக்கு மிதிப்பதற்காக வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய வெறுங்கால் அந்த கிளட்ச் மேலேயே இருந்தது. நான் கிளட்சை விடும்போது அது இன்னும் மெதுவாக மேலே வந்தது. நான் சீக்கிரம் விட்டால் அது பிடித்துக்கொண்டது. பெருவிரல் மட்டும் லேசாக அசைகிறது, அவ்வளவுதான், நான் கியர் போட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். எட்டு நாளும் வண்டியை எடுத்தது அவர் கால். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளாஸ் முடிந்ததும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "மெயின் ரோட்டுல ஆஃப் ஆனா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், நீங்க பயந்துருவீங்கம்மா, அதான் நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை புதிது புதிதாக ஆட்களை ஏற்றி இறக்குகிற மனிதர், ஆளுக்கு இருபது நிமிஷத்தில் வேறு என்னதான் செய்ய முடியும். ஆனால் எனக்கு வேண்டியது அதில்லை. "ஹாரன் அடிக்கட்டும் மாஸ்டர். நீங்க காலை எடுத்துருங்க. ஆபத்துன்னா மட்டும் பிரேக்கை மிதிங்க" என்றேன். கூடுதலாகப் பத்து நாளுக்குப் பணம் கட்டினேன், காலை ஐந்தரை மணிக்கு, நான் மட்டும்.

அந்த முதல் நாள் கிளாஸ் முழுக்க மாஸ்டர் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்சை முழுசாக மிதித்து முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை நூல் நூலாக மேலே விடச் சொன்னார். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் தாழ்ந்து கனத்துப்போகும், ஸ்டியரிங்கில் சின்னதாக ஒரு நடுக்கம் வரும், பானெட் ஒரு விரற்கடை எழுந்த மாதிரி இருக்கும். "அங்கயே நிறுத்துங்க. அதான் ஹாஃப் கிளட்ச்." வண்டி நடக்கிற வேகத்தில் தானாக நகர்ந்தது. அதையே திரும்பத் திரும்ப செய்தோம், பால்காரர் எங்களைத் தாண்டி இரண்டு முறை போய்விட்டார், நான் ஒரு அம்பது மீட்டரிலேயே எடுத்து நிறுத்தி எடுத்து நிறுத்திக் கொண்டிருந்தேன். அந்தக் கனத்தைக் கால் ஒரு தடவை உணர்ந்துவிட்டால் அப்புறம் வேறு வண்டியில் கூட அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. சாயங்காலம் எங்கள் வேகன் ஆரில், பக்கத்து வீட்டு அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டினேன்.

அடுத்தது பாலம். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எல்லிஸ் நகர் ரயில்வே பாலத்தில் ஏறியாக வேண்டும், ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றால் நாமும் நின்றுதான் ஆக வேண்டும். அங்கே பிரேக்கிலிருந்து காலை எடுத்த அடுத்த நொடி வண்டி பின்னால் போகிறது. பின்னால் ஒருவர் பைக்கில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து நிற்கிறார். அந்த இடத்தில்தான் எல்.எல்.ஆர். கேள்வி எனக்குப் புரிந்தது. நின்ற வண்டியை ஏற்றத்தில் திரும்ப எடுப்பது அவ்வளவு கஷ்டம், அதனால்தான் ஏறுகிறவருக்கு வழி. ஹேண்ட் பிரேக்கை இழு, முதல் கியர், கிளட்சை அந்தக் கனம் வரும்வரை விடு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடு, பானெட் எழுந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கு. ஒரு இஞ்ச் கூடப் பின்னால் போகாது. சொல்ல ஒரு வரி, எனக்கு நாலு நாள் ஆனது.

இதை நான் பாடமாகக் கேட்டு வாங்கினேன் என்பதுதான் எனக்கு வருத்தம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 15-இல் டெஸ்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வதில் ஆரம்பிக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்தி, பின்னால் உருளாமல் திரும்ப எடுக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பயிற்சிக்கும் கணக்கு உண்டு: காருக்குக் குறைந்தது 21 நாள், கையில் வண்டியோடு 10 மணி நேரம். 2021-இல் வந்த புது விதிப்படி நடக்கிற அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் பாட வகுப்பும் சேர்த்து 29 மணி நேரம், அதில் வண்டியோடு 21 மணி நேரம். நான் முதலில் கட்டிய 15 நாளில் என் கைக்கு வந்திருக்கக்கூடியது ஐந்து மணி நேரம், அதிலும் கிளட்ச் என்னுடையது இல்லை. விதி எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பணம் கட்டுகிற நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சீட்டை முன்னால் இழுத்தேன், மூன்று கண்ணாடியையும் பார்த்தேன், பெல்ட் போட்டேன், அதற்கு அப்புறம்தான் சாவியைத் தொட்டேன். நேரே போகச் சொன்னார், மூன்றாவது கியர் வரை, வலது பக்கம் திரும்ப, ஓரத்தில் நிறுத்த, ரிவர்ஸ். எல்லாம் சமதரைதான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பெயிலானாலும் ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம் (மூன்று தடவை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும்) என்று முன்பே தெரிந்து வைத்திருந்ததால் கை நடுங்கவில்லை. லைசென்ஸ் தபாலில் வந்தது, என் வயதுக்குப் பத்து வருஷம் செல்லும்.

உங்கள் வீட்டில் யாராவது பழகப் போனால் ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். முதல் நாளே மாஸ்டரின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்றாவது நாள் அந்தக் காலை எடுக்கச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். நிற்கட்டும். பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், நானும் தயங்கினேன். பணம் கட்டியிருக்கிறோம், தயங்க வேண்டியதில்லை.

இப்போது அம்மா முன்சீட்டில்தான் வருகிறாங்க, சீட்டைச் சாய்த்து, கழுத்துக்கு ஒரு தலையணை. வீட்டிலிருந்து பாலம் வரை ஏதாவது பேசிக்கொண்டே வருவாங்க. ஏற்றத்தில் பஸ் நின்றதும் பேச்சு நின்றுவிடும். நான் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதை, திரும்ப இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாங்க. உச்சி தாண்டி இறக்கம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பாங்க.