அட்டாலியில் கிடந்த குண்டு அச்சு: தேய்ப்பதற்கு முன்னால்

துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்க்கிற பழைய குண்டு அச்சு, பெயரோ எண்ணோ இல்லாதது, ஒன்று கைக்கு வந்தால், நம்ம ஊரில் முதலில் செய்கிற வேலை எம்ரி தாளை எடுத்துத் தேய்ப்பதுதான். அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆகிவிடும். அது எந்தத் துப்பாக்கிக்கு, யார் கை வேலை, எவ்வளவு பழசு என்று சொல்லக்கூடிய தடயமெல்லாம் அந்தத் தாளோடு போய்விடும். கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் டை, மோல்டு என்கிற அச்சு வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். மோட்டார் கவருக்கு டை செய்தாலும் சரி, நூறு வருட ஈய அச்சைப் பார்த்தாலும் சரி, இரண்டு பாதி சேருகிற முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கதை முழுக்க அங்கேதான் இருக்கும்.

போன ஆடியில் மாமா ஒன்று கொண்டுவந்தார். கடம்பூர் மலையடிவாரத்தில் அவருக்குத் தோட்டம். அங்கிருக்கும் சாளை வீட்டைப் பிரித்துக் கட்டும்போது அட்டாலியில், அதாவது பரணில், ஒரு சாக்குக்குள் கிடந்ததாம். பாக்குவெட்டி மாதிரி இரண்டு கை, முனையில் இரண்டு இரும்புக் கட்டை, நடுவில் ஒரு உருண்டைக் குழி. கைப்பிடிக்குக் கிட்டே, வார்த்த உருண்டையில் மிஞ்சி நிற்கிற ஈயக் காம்பை வெட்ட ஒரு கத்தி வாய். ஒரு எழுத்து கிடையாது.

"ஏனுங் மாப்ள, இது சின்னமலை காலத்துதுங்களா?" என்றார்.

இந்தக் கேள்வி வராமல் எனக்கு ஒரு அச்சும் வந்ததில்லை. கொங்கு நாட்டில் அட்டாலியில் கிடக்கிற பழைய இரும்பெல்லாம் ஓடாநிலைக் கோட்டையிலிருந்து வந்ததாகத்தான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-இல். அந்தக் காலத்துப் பொருள் ஒன்றிரண்டு எங்காவது மிஞ்சியிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டுமே.

வேலைக்குப் போகும் முன் சட்டம். ஆயுதச் சட்டம் 1959-இல் "அம்யூனிஷன்" (துப்பாக்கிக்கான குண்டு, தோட்டா வகை) என்பதற்கான விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும் அடங்கும். ஆகவே இதை வெறும் பழைய இரும்பு என்று நினைத்து ஓஎல்எக்ஸில் போட்டுவிடாதீர்கள். மாமாவிடம் அவர் அப்பாரு காலத்திலிருந்து புதுப்பித்து வரும் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. அதன் நகலோடுதான் வந்தார். லைசென்ஸ் இல்லாதவர் கொண்டுவந்தால் நான் தொடுவதில்லை. ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அடுத்தது, நான் ஈயம் ஊற்றிப் பார்ப்பதில்லை. எந்த அச்சானாலும் சரி. ஊற்றாமலே அளக்க வழி இருக்கிறது.

அந்த லைசென்ஸ் புத்தகம் சட்டத்துக்கு மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கும் உதவும். பழைய புத்தகங்களில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பார்கள். ஒற்றைக் குழல், குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி என்று அர்த்தம். பக்கத்திலேயே போர் (bore) எண், அதாவது குழலின் அளவு. புத்தகம் கிடைக்காவிட்டால், தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்ததற்குக் கொடுத்த ரசீதைத் தேடச் சொல்வேன். வீட்டில் எதைத் தொலைத்தாலும் அந்த ரசீதை மட்டும் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். மாமாவின் புத்தகத்தில் 16 போர் என்று இருந்தது.

போர் கணக்கு சுலபம்தான். ஒரு ராத்தல் (பவுண்டு) ஈயத்தில் ஒரே அளவாக எத்தனை உருண்டை பிடிக்க முடியுமோ அதுதான் எண். 12 போர் என்றால் ராத்தலுக்குப் பன்னிரண்டு உருண்டை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 37.8 கிராம், விட்டம் 18.5 மில்லிமீட்டர். 16 போர் என்றால் 16.8 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சின்னதாகும்.

குழியை அளக்க நான் பயன்படுத்துவது பல் செட் செய்கிறவர்களிடம் கிடைக்கும் டை ஸ்டோன். நல்ல கெட்டியான ஒரு வகைப் பிளாஸ்டர். இறுகும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விரியும், நம் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குழியில் எண்ணெயை லேசாகத் தொட்டுத் தடவிவிட்டு, கூழாகக் கரைத்து ஊற்றி, இறுகியதும் திறந்தால் வெள்ளை உருண்டை ஒன்று கையில் விழும். மைக்ரோமீட்டரை அதில் வைக்கலாம். மெழுகு வேண்டாம், ஆறும்போது சுருங்கும்.

மாமாவின் உருண்டையை மூன்று திசையில் அளந்தேன். அச்சு சேரும் கோட்டின் வழியே நெடுக்கில் 16.2, அதே கோட்டில் குறுக்கில் 16.2. கோட்டுக்குச் செங்குத்தாக, அதாவது ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு, 15.9. இந்த 0.3 வித்தியாசம்தான் எனக்குப் பிடித்த இடம். குழியை வெட்டிய கட்டர் உருண்டையாகத்தான் வெட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் முதல் இரண்டு அளவும் ஒத்துப்போகாது. பிறகு யாரோ இரண்டு முகத்தையும் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். முகம் சரியாகச் சேராமல் ஈயம் பிதுங்கி, உருண்டையைச் சுற்றி இறக்கை கட்டியிருக்கும். அதைச் சரிபண்ணத் தேய்த்ததில் இரண்டு பக்கமும் சேர்த்து 0.3 போயிருக்கிறது. முகம் எங்கே சேருகிறது என்று காட்டும் ப்ளூ என்கிற நீலச் சாயத்தைத் தடவி மூடிப் பார்த்தேன். கீல் பக்கம் மட்டும்தான் நிறம் ஒட்டியது, வாய்ப் பக்கம் காற்று. தேய்த்தவர் கீலை விட்டுவிட்டு நுனியைத் தேய்த்திருக்கிறார். அரக்கீறலும் ஒரே சாய்வில் ஓடுகிறது.

16.2 மில்லிமீட்டர் உருண்டை எடை போட்டால் ராத்தலுக்குப் பதினெட்டு வரும். அப்படியானால் இது 18 போர் அச்சா? இல்லை. வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கியில் உருண்டை குழலைவிடச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுற்றி உள்ளே தள்ளுவார்கள். 16.8 குழலுக்கு 16.2 உருண்டை, பக்கத்துக்கு 0.3 துணிக்கு. லைசென்ஸ் புத்தகம் சொன்னதும் அச்சு சொன்னதும் ஒத்துப்போகிறது. சின்னமலை காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வைத்திருந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியாக இருந்தால் குழல் முக்கால் அங்குலம், உருண்டை 17.5 மில்லிமீட்டர் பக்கம் வரும். இந்தக் குழியில் அந்த அளவுக்கு இடமே இல்லை.

சரி, பழசு எவ்வளவு? குழிக்குள் டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தால் சன்னமான வட்டக் கீறல்கள் தெரிந்தன. எல்லா வட்டமும் ஈயம் ஊற்றுகிற வாயை மையமாக வைத்தே சுற்றுகின்றன. செர்ரி என்கிற உருண்டைக் கட்டரை இரண்டு பாதிக்கும் நடுவில் வைத்துச் சுற்றிக்கொண்டே, கைகளை இறுக்கிக்கொண்டே போனால் இப்படித்தான் வரும். உளியில் கொத்திய குழியாக இருந்தால் கீறல் கண்டபடி கிடக்கும். ஆக, சொந்தமாகச் செர்ரி வைத்திருந்த பட்டறையில் செய்தது. சந்தையில் விற்கவும் செய்திருக்கலாம்.

துரு பிடித்த இடத்தில் கட்டையின் மேல் மர ரேகை மாதிரி நீளக் கோடுகள் ஓடின. தேனிரும்பு. எஃகு இப்படி அரிக்காது. எஃகு மலிந்த பிறகும் கிராமத்துக் கொல்லர்கள் பழைய தேனிரும்பைப் போற்றி வைத்திருந்து பயன்படுத்தியதால், இதை மட்டும் வைத்து வருடம் சொல்ல மாட்டேன். கைப்பிடிக் கட்டையைப் பிடித்திருந்த ஒரு திருகை, மரையை அளக்கிற பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்தேன். 55 டிகிரி மரை. விட்வொர்த். அந்த மரையை ஜோசஃப் விட்வொர்த் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் முன்வைத்தது 1841-இல். திருகு ஆதியிலேயே போட்டதென்றால் அச்சு அதற்குப் பிற்பட்டது, சின்னமலை கணக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் திருகை யாராவது மாற்றியிருக்கலாமே? நம்ம கோயமுத்தூர்ப் பட்டறைகளில் மெட்ரிக் வந்து வெகுநாள் ஆன பிறகும் பம்ப்செட்டுக்கு விட்வொர்த் மரைதான் வெட்டிக்கொண்டிருந்தோம். என்னிடமே இன்னும் அந்த மரை வெட்டும் டேப் செட் இருக்கிறது. திருகைக் கழற்றி ஓட்டையைப் பார்த்தேன். உள்ளே இருந்த துருவும் இரும்புக் கட்டையின் துருவும் ஒரே வயசு, மறுபடி துளைத்த அடையாளம் இல்லை. ஆதித் திருகுதான் என்பது என் கட்சி.

குழிக்குள் கம்பியோ கட்டையோ நிற்கிற அச்சுகள் தனிச் சங்கதி. பவானியிலிருந்து ஒருவர், "மினியே குண்டு அச்சுங்க, இன்டர்நெட்டில் பார்த்தேன்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மினியே என்பது 1849 வாக்கில் பிரான்சில் வந்த, அடியில் குழிவுள்ள கூம்புக் குண்டு. அந்தக் குழிவுக்காக அச்சின் அடியில் ஒரு கூம்புக் கட்டை நிற்கும், பாதியோடு நின்றுவிடும். இவர் கொண்டுவந்ததில் வரிசையாக நீளக் குழிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போகிறது. ஊடுருவினால் அது கயிறு கோக்கிற ஓட்டை. வீச்சு வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈய மணி அச்சு அது. கூடுதுறைப் பக்கம் பரிசலில் மீன் பிடிக்கிற வீடுகளில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கென்னவோ குண்டு அச்சைவிட அதுதான் நல்ல பொருளாகப் பட்டது. அந்த அழகான வேலைப்பாட்டுக்கு லைசென்ஸும் வேண்டாம்.

பித்தளை அச்சுகளுக்கு வேறு வகைக் கேடு. ஆயுத பூஜைக்கு அரிவாள், கொடுவாளோடு இதையும் எடுத்து, புளி போட்டு விளக்கி, விபூதி பூசிப் பொட்டு வைப்பார்கள். வருடா வருடம். புளியின் அமிலம் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். அந்த இடம் செம்பு நிறத்துக்குத் திரும்பும், குழியின் விளிம்பு மழுங்கிப் போகும். அப்படிப்பட்ட அச்சில் அளவெடுத்தால் நிஜத்தைவிடப் பெரிதாகக் காட்டும். பூஜையை நிறுத்தச் சொல்ல நான் யார், புளியை மட்டும் நிறுத்துங்கள் என்பேன். ஆத்தாமார்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மாமாவின் அச்சுக்கு வருவோம். குழியின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. பழைய ஈயத்தில் பூக்கும் அந்த வெள்ளை நஞ்சு. கம்ப்ரஸர் காற்றில் ஊதவே கூடாது, பட்டறை முழுக்கப் பரவும். கையுறை போட்டு, எண்ணெயில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, அந்தப் பஞ்சைத் தனிக் கவரில் கட்டி வைத்தேன். காம்பு வழியில் ஒட்டியிருந்த பொட்டு ஈயத்தை மூங்கில் குச்சியால் நெம்பினேன். நகம் வைத்தால் கீறியது. சுத்த ஈயம் அப்படித்தான் மெத்தென்று இருக்கும். அச்சக எழுத்து ஈயம் என்றால் அதில் ஆன்டிமனி கலந்திருக்கும், நகம் இறங்காது.

குழிக்குள் கறுப்பாக ஒரு படலம். துருவா, கரியா? எண்ணெய்ப் பஞ்சை ஒரு ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன். பழுப்பாக வந்தால் துரு, மையாக வந்தால் கரி. மையாக வந்தது. ஈயம் ஒட்டாமல் நழுவி வர, மண்ணெண்ணெய் விளக்குப் புகையைக் குழியில் காட்டுவது வழக்கம். அந்தப் புகைக் கரி இவ்வளவு காலம் குழியைத் துருவிலிருந்து காத்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கீல் இறுகிக் கிடந்தது. கைப்பிடியைப் பிடித்து அமுக்கினால் ரிவெட்டு போய்விடும். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊறப் போட்டு, அவ்வப்போது எடுத்து மயிரிழை அசைத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு வைத்தேன். விட்டுக்கொடுக்க நாளானது. வெளித்துருவைப் பித்தளைப் பிரஷ்ஷால் மட்டும் எடுத்தேன். சலவைச் சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் மாட்டித் துரு எடுக்கிற முறை நல்லதுதான், ஆனால் ஈயம் மிச்சமிருக்கும் பொருளுக்கு வேண்டாம். காரத்தில் ஈயமும் கரையும். வேறு இரும்புக்குச் செய்வதானால் மறு முனையில், அதாவது பாசிட்டிவில், பழைய இரும்புத் தகட்டையே மாட்டுங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகாது. அதிலிருந்து குரோமியம் நஞ்சு தண்ணீரில் இறங்கும்.

ஒரு கைப்பிடியில் மரம் உளுத்துப் போயிருந்தது. அதற்குப் பூவரசில் புதிதாகக் கடைந்து போட்டேன். உள் பக்கத்தில் இந்த வருடத்தைச் சின்னதாகப் பொறித்தும் வைத்தேன், பிற்காலத்தில் பார்ப்பவர் ஆதி மரம் என்று ஏமாறக்கூடாது. முகம் சேராத இடைவெளியை வெல்டு வைத்து மூடி அரைத்துக் கொடுக்க என்னால் முடியும். செய்யவில்லை. அதில் இனி யாரும் ஈயம் ஊற்றப் போவதில்லை. காட்டுப்பன்றிக்கு வெடி போட்ட காலமும் போய்விட்டது, துப்பாக்கியே ஆணியில் தொங்குகிறது.

வாங்க வந்த மாமாவுக்குத் திருப்தியில்லை. "என்னங் மாப்ள, கறுப்பாவே இருக்குது" என்றார். அத்தை பக்கத்திலிருந்து, "அவரு படிச்சுத்தான் பண்ணியிருப்பாரு, சும்மா இருங்க" என்றார். மெழுகு தடவி, துணிப் பையில் போட்டு, ஒரு அட்டையும் கட்டிக் கொடுத்தேன். அட்டையில் எழுதியது இவ்வளவுதான்: 16 போர் ஒற்றைக் குழலுக்கான உருண்டை அச்சு, தேனிரும்பு, செர்ரியில் வெட்டியது, 1841-க்குப் பிற்பட்டது, முகம் அரம் போடப்பட்டது, வலக் கைப்பிடி புதுசு, புளி போடக்கூடாது.