முதல் குத்து பொம்மைக்கே

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு ரத்தம் எடுக்கப் பழக்குவது என் பொறுப்பு. கைக்குழந்தையின் கை அளவில் ஒரு சிலிகான் மாதிரி இருக்கிறது எங்களிடம். தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய ரப்பர் குழாய்கள்தான் நரம்பு. ஸ்டாண்டில் தொங்கும் பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கும். இது வருவதற்கு முன் எங்கள் தலைமுறை பழகியதெல்லாம் அட்மிட் ஆகியிருந்த பிள்ளைகளின் கையில்தான். அந்தப் பழக்கத்தை எவர் நியாயப்படுத்தினாலும் என்னால் ஏற்க முடியாது.

பெரியவர்களுக்கு எடுத்துத் தேறியிருந்தால் போதும் என்று சொல்வார்கள். போதாது. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 240 மி.லி.தான். ஒரு நாளில் எடுப்பது அதில் 3 விழுக்காட்டை, அதாவது சுமார் 7 மி.லி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். சாம்பிள் உறைந்துவிட்டது என்று லேபிலிருந்து போன் வந்தால், பிள்ளைக்கு இன்னொரு குத்து. அந்த 7 மி.லி.யிலும் இன்னொரு பங்கு போகும்.

பொம்மை நன்றாகக் கற்றுத்தருவது சாய்வை. ஊசியைத் தோலை ஒட்டி, படுக்கைவாட்டில் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் நிமிர்த்தினாலும் நரம்பின் மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விடும். பட்டர்ஃப்ளை ஊசியின் (பிடிக்க இரண்டு இறக்கையும் பின்னால் மெல்லிய குழாயும் உள்ள சின்ன ஊசி) குழாயில் சிவப்பு ஏறியதும் கையை அப்படியே நிறுத்துவதும் பொம்மையில்தான் படியும். இதற்குப் பலமுறை குத்தியாக வேண்டும். எந்தப் பிள்ளையிடம் போய் அதைக் கேட்பது?

ஆனால் குத்திக் குத்தித் தோலில் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் விரலால் தடவி நரம்பைத் தேட மாட்டார்கள்; கண்ணுக்குத் தெரியும் ஓட்டையில் ஊசியை விடுவார்கள். அதனால் பொம்மை வாங்கும்போதே மாற்றுத் தோலுக்கும் பணம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் வலியுறுத்துங்கள். இன்னொரு குறை, ரப்பர் குழாய் சுருங்காது. சிரிஞ்சை வேகமாக இழுத்தால் நிஜ நரம்பு ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுக்கள் உடைந்து, பரிசோதனையில் பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பொம்மையில் எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் வரும். அதனால் இழுக்கும் வேகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துகிறேன்.

பொம்மை உதறாது, அழாது. அதற்காக அழுகைச் சத்தத்தை போனில் ஓடவிடுகிறேன். ஒருவர் குத்த, ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் அம்மாவாக நிற்க வேண்டும். பிடிக்கிறவரின் வேலையை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை என்பது என் வருத்தம். கை மூட்டு அசையாமல் பிடிக்கணும், ஆனால் விரல் நீலம் பாரிக்கும்படி அழுத்தக் கூடாது. அம்மாவாக நிற்பவரிடம், "குத்துறதுக்கு முன்னாடியே பால் கொடுக்க ஆரம்பிச்சிடுங்கம்மா, எடுத்து முடிக்கிற வரைக்கும் கொடுங்க" என்று சொல்லிப் பழக வேண்டும். பால் குடிக்கும் பிள்ளைக்கு வலி குறைகிறது. "வெளியே நில்லுங்க" என்று அம்மாவை அனுப்புவதை நான் அனுமதிப்பதில்லை. அவரே விரும்பினால் வேறு விஷயம்.

கடைசியாக ஒரு பயிற்சி. வேண்டுமென்றே பையின் குழாயை அடைத்துவிடுவேன். எங்கே குத்தினாலும் எதுவும் வராது. இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது. ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திவிட்டு, "சிஸ்டர், எனக்குக் கிடைக்கல, நீங்க பாருங்க" என்று கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மூன்றாவது முறையும் குத்தப் போகும் யாரையும் நான் வார்டுக்குள் அனுப்புவதில்லை.