மழை ஷவர் வாங்கும் முன் தொட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள்

குளியலறையைச் சொகுசாக அமைக்க நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில். ஆனால் தினமும் அனுபவிக்கப்போவது விசையாகக் கொட்டும் வெந்நீரையும், குளித்துவிட்டு வந்து கால் வைக்கும் ஈரமில்லாத தரையையும்தான். இரண்டுமே டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவாகிவிடுகின்றன.

தொட்டி நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் உள்ள உயரம்தான் அழுத்தம். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் சொல்வார்கள்; 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் ஷவர் 7 அடியில், தொட்டி மொட்டைமாடியில் என்றால் பெரும்பாலும் 0.2, 0.3 பார்தான் கிடைக்கும். ஓரடி அகல மழை ஷவர் நன்றாகப் பொழிய 1 பாராவது வேண்டும். இல்லையென்றால் சில துளைகளில் மட்டும் ஒழுகும். பிரஷர் பம்ப் வைப்பதே வழி. அதைத் தொட்டியிலிருந்து இறங்கும் பொது லைனில் வையுங்கள். பச்சைத்தண்ணீர் லைனில் மட்டும் வைத்தால் இரண்டு தண்ணீரும் கலக்கும் மிக்ஸர் குழாயில் அது வெந்நீரை எதிர்த்துத் தள்ளிவிடும். கீசர் 8 பார் தாங்கும் ரகமா என்றும் பாருங்கள்.

15 லிட்டர் கீசர் மழை ஷவருக்குப் போதாது. 60 டிகிரி வெந்நீரை 28 டிகிரி தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் சுமார் 40 லிட்டர் வரும். ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் குடித்தால் 4 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 25 லிட்டர் வாங்கினால் 6, 7 நிமிடம் நிம்மதியாகக் குளிக்கலாம்.

அடுத்து வாட்டம், அதாவது தரையின் சரிவு. ஷவர் பகுதியில் 80க்கு 1, அதாவது 6 அடி நீளத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்க வேண்டும். பெரிய டைல்ஸைத் தரையில் போட்டால் நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வடியும் ஓட்டையை நோக்கிச் சரிக்க முடியாது. மூலைவிட்டமாக வெட்ட வேண்டிவரும், இல்லையேல் தண்ணீர் தேங்கும். தரைக்கு ஓரடிச் சதுர, சொரசொரப்பான டைல்ஸ் போதும். அழகுக்கு ஆசைப்பட்டால் பெரியதைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பகுதியை ஷவர் பகுதியைவிட அரை அங்குலமாவது உயர்த்தி, நடுவில் 8 மி.மீ. டஃபன்டு கண்ணாடி நிறுத்தினால் கழிப்பறைப் பக்கம் நனையாது.

வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட், ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று. ஷவர் சுவரில் 6 அடி வரை, மற்ற இடங்களில் ஓரடி. குழாய்கள் போகத் தாழ்த்திக் கட்டிய பள்ளத் தளத்தை நிரப்பும் முன் ஒருமுறை, நிரப்பிய பின் மேலே ஒருமுறை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையைப் பார்க்க வேண்டும். கொத்தனார் அவசரப்பட்டாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதிக்கும் கன்சீல்டு டைவர்ட்டரில் தவறு நடப்பது ஆழத்தில்தான். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்து 25 முதல் 30 மி.மீ. வரும். அதைக் கணக்கிடாமல் செங்கல் மட்டத்துக்கே பதித்தால் கைப்பிடி எட்டாது. பிறகு டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். அதன் உறையில் உள்ள குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு இடையில் டைல்ஸ் முகம் வர வேண்டும்.

போர் தண்ணீர் வீடுகளுக்குக் கறுப்பு மேட் குழாய்கள் வேண்டாம், உப்புக் கறை பளிச்சென்று தெரியும். பளிங்குத் தரையும் வேண்டாம், கறை நீக்க ஊற்றும் ஆசிட் பட்டால் அரித்துவிடும்.

சுவரை மூடும் முன் அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்துக் குழாய்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் டவல் ராடுக்கு டிரில் போடுபவருக்கு அந்தப் படங்கள் வேண்டியிருக்கும்.