இடது காது

மார்ச் 3
தூக்கம் வரவில்லை. இடது காது கேட்காமல் போனதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான் செய்யுமாம். விடியும்வரை அலி பனிசத்ரின் ஓவியங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4
காதுக்குள் இரைச்சல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 6
பனிசத்ர் 1976இல் டெஹ்ரானில் பிறந்தவர். 1980இல் ஈராக்குடன் போர் தொடங்கிவிட்டது. வெடிச் சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம், சுவரில் அதிர்வு. எங்கே விழுந்தது, என்ன விழுந்தது என்று வீட்டுக்குள் இருக்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? கேட்டதை வைத்துப் படம் வரைவானாம். அம்மா சொல்வார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 12 வயதில் குடும்பத்தோடு ஈரானைவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்போது நியூயார்க். இன்றைக்கும் வரையும்போது உள்ளே சத்தம் கேட்கும், கை அதன் பின்னால்தான் போகும் என்கிறார்.

எனக்கு அந்தப் பையன் வரைந்த தாள்கள்தான் வேண்டும். குண்டுச் சத்தத்துக்கு என்ன முகம் போட்டிருப்பான்? கொம்பு வைத்திருப்பானா? வால்?

மார்ச் 7
அக்கா போன் செய்தாள். வலது காதில் வைத்துப் பேசினேன். "படம் பார்த்தது போதும், படுத்துத் தூங்குடா." சரி என்றேன்.

மார்ச் 9
டாக்டர் இசைக்கவையை, தட்டினால் ஒலிக்கும் அந்த உலோகக் கவையை, தட்டி நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது. எழுதிக்கொண்டார். சத்தம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். காதிலிருந்து வரவேண்டியது வராததால் மூளை தானாக எதையோ இட்டு நிரப்புகிறதாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு எழுந்திருக்க மனசில்லை. அந்தப் பையனும் இதைத்தானே செய்தான்?

மார்ச் 10
பனிசத்ரின் 'இன்டராகேஷன்' ('விசாரணை') ஓவியம், 2010. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது. இவருடைய படங்கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஜனக்கூட்டம். சண்டையா திருவிழாவா தெரியாது. கிட்டே போனால் ஆளே இல்லை. இழுத்துவிட்ட வண்ணம், அலகோ முகமூடியோ என்று சந்தேகப்பட ஒரு துண்டு. நடுநாயகமாக யாரும் கிடையாது. பாரசீகச் சிற்றோவியங்களைப் போல எல்லா மூலையிலும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் போஷ், ப்ரூகல் என்று பழைய ஐரோப்பிய ஓவியர்கள் இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, கூடவே 'போர் நினைவு' என்று முடித்துவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. இதில் பாதி விளையாட்டு. பயந்த பிள்ளை விளையாடாமலா இருக்கும்?

மார்ச் 11
இரைச்சலின் சுருதி ஏறியிருக்கிறது. நிறம் உண்டென்றால் துரு நிறம். பென்சில் எடுத்தேன். கோடுதான் வந்தது. அசிங்கமான கோடு.

மார்ச் 12
ஒன்றும் இல்லை. இட்லி சாப்பிட்டேன்.

மார்ச் 13
செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அப்புறம் நான்தான் சமாதானப்படுத்த வேண்டும். டெஹ்ரானில் அந்த அம்மா பையனிடம் என்ன சொன்னார்? இடி என்றா? இல்லை, பேசாமல் தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தாரா?

மார்ச் 14
ஊசிக்குச் சரி சொல்லிவிட்டேன். காலை எட்டரைக்கு வரச் சொன்னார்கள். காத்திருக்கும்போது பார்க்க அந்த 2010 படத்தைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். மேல் மூலையில் இருப்பது பறவையா ஆளா என்று