மந்திரிக்குக் கோபம் வந்தால் அரசு வக்கீல் எதற்கு?

அவதூறுக்கு ஜெயில் தண்டனை இருக்க வேண்டுமா என்றால் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கருத்துச் சுதந்திரம் என்று பொதுவாகப் பேச வரவில்லை, அதை நிறையப் பேர் பேசியாகிவிட்டது. இந்தச் சட்டம் நம் ஊரில் எப்படி ஓடியது என்று பார்த்தாலே போதும்.

2016-ல் விஜயகாந்த் மீதான அவதூறு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது தமிழக அரசு ஒரு கணக்கு கொடுத்தது. ஐந்து வருட ஜெயலலிதா ஆட்சியில் போட்ட அவதூறு வழக்குகள் 213, அதில் ஊடகங்கள் மீது மட்டும் 55. திருப்பூர் கோர்ட்டில் ஆஜராகவில்லை என்று விஜயகாந்துக்கும் பிரேமலதாவுக்கும் ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட் வரைக்கும் போய், அதை உச்ச நீதிமன்றம்தான் நிறுத்தி வைத்தது. பொது வாழ்க்கைக்கு வந்தால் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும், இதை அரசியல் ஆயுதமாக்காதீர்கள் என்று அரசுக்குக் குட்டு வைத்தவர் நீதிபதி தீபக் மிஸ்ரா. வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் மே 13-ம் தேதி, இந்தச் சட்டம் அரசியல் சாசனப்படி செல்லும் என்று தீர்ப்பு சொன்ன அமர்விலும் அவர்தான் இருந்தார். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் குத்திவிடாதே என்று சொன்னால் எப்படி?

சரி, 213 வழக்கு போட ஒரு அரசாங்கத்துக்கு எப்படி முடிகிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. உங்களையோ என்னையோ ஒருவர் அவதூறாக எழுதினால் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. நாமே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்த் தனிநபர் புகார் கொடுத்து, சாட்சி சொல்லி, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும். மந்திரிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவருடைய அரசுப் பணியைப் பற்றி எழுதியதாக இருந்தால் அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்யலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவு அப்படி ஒரு வழி வைத்திருந்தது. அதற்கு மாநில அரசின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டுதான், ஆனால் கோபப்படுபவர் முதலமைச்சர், அனுமதி கொடுப்பது அவருடைய அரசு என்றால் அந்த நிபந்தனை யாரைத் தடுக்கும்? செலவு அரசு கஜானாவிலிருந்து, அதாவது நம் வரிப்பணத்திலிருந்து. எதிர்ப்பக்கம் ஆசிரியர், வெளியீட்டாளர், சில சமயம் செய்தி எழுதிய நிருபர் வரைக்கும் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் போய் நிற்க வேண்டும்.

தண்டனை கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் இதில் ஒரு பொருட்டே இல்லை. 'இந்து' என். ராம், நக்கீரன் கோபால் போன்றவர்கள் மீது ஜெயலலிதா காலத்தில் போட்ட வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தது 2020 மே மாதத்தில். ஜெயலலிதா இறந்தே மூன்றரை வருடம் ஆகப்போகிறது அப்போது! அரசு வழக்கறிஞர் வெறும் தபால் ஆபீஸ் மாதிரி, மேலிருந்து வந்ததை வாங்கிக் கோர்ட்டில் போடக் கூடாது, தானே படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் அத்தனை வருடம் அலைந்தது அலைந்ததுதானே.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமான வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம், தன்னை அவதூறு செய்தார்கள் என்று அரசாங்கம் மான நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கே போட முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, பணம் கேட்டு வர முடியாத அரசாங்கம், மந்திரி பெயரைச் சொல்லி ஜெயிலில் போடச் சொல்லி மட்டும் வரலாம்.

உண்மையை எழுதினால் என்ன பயம் என்பவர்கள் தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய பிரிவை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் தப்ப முடியாது, அதைப் பொது நன்மைக்காகத்தான் எழுதினேன் என்றும் காட்ட வேண்டும். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது அப்படியே நிற்கிறது. அவன் ஊரில் 2009-ல் சட்டம் போட்டு கிரிமினல் அவதூறை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இலங்கையே 2002-ல் எடுத்துவிட்டது. அதனால் அங்கே பத்திரிகைக்காரர்களுக்கு விடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டது அதற்கு அப்புறம் 2009-ல்தான். ஆனால் அந்தச் சட்டம் போனதால் அங்கே யாரும் மானம் இழந்து நிற்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். யூடியூபில் எவனோ ஒருத்தன் ஒரு பெண்ணின் போட்டோவைப் போட்டுக் கதை கட்டுகிறான், அவள் என்ன செய்வாள்? சிவில் வழக்கு என்றால் தமிழ்நாட்டில் கேட்கிற தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம் (2017-க்கு முன்னால் ஏழரை), அப்புறம் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், எதிராளியிடம் பணம் இல்லையென்றால் ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. இது நியாயமான கேள்வி. ஆனால் மிரட்டல், ஆபாசம், அந்தரங்கப் படம் இதற்கெல்லாம் வேறு பிரிவுகள் இருக்கின்றன, அவை இருக்கட்டும். மற்றபடி அவளுக்கு அவசரமாகத் தேவைப்படுவது அந்த வீடியோ இறங்குவதும், அதே சேனலில் மறுப்பு வருவதும்தான். தனிநபர் புகார் அந்த வேகத்தில் எதையும் தராது. மறுபக்கம், மீ டூ சமயத்தில், மத்திய மந்திரியாக இருந்த எம்.ஜே. அக்பர் மீது பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணிதான் இந்தச் சட்டத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 2021-ல் விடுதலை ஆனார், இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு.

2016 மே 13 தீர்ப்பு வந்த வழக்கில் இந்தச் சட்டம் வேண்டாம் என்று கேட்டவர்கள் சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, கெஜ்ரிவால். மூன்று பேரும் ஒரே கோரிக்கை வைப்பதே அபூர்வம். அதே ராகுலுக்கு 2023-ல் சூரத் கோர்ட் கொடுத்தது சரியாக இரண்டு வருடம், அதாவது அதிகபட்ச தண்டனை, எம்.பி. பதவி போவதற்கு வேண்டிய அளவும் அதுவே. மறுநாளே பதவி போனது. அந்த வருடக் கடைசியில் தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், எடுத்துவிட அருமையான சந்தர்ப்பம். 499, 500 என்று இருந்தது 356 ஆனது, கூடவே சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். அரசு வழக்கறிஞர் வழியும் புதிய நடைமுறைச் சட்டத்தில் 222-வது பிரிவாகப் பத்திரமாக இருக்கிறது.

மொத்தமாக எடுக்க மனசு வரவில்லை என்றால் அந்த 222-ல் இருக்கும் சலுகையையாவது முதலில் எடுங்கள். மந்திரிக்கு மானம் போய்விட்டது என்றால் சொந்தச் செலவில் வக்கீல் வைத்து, சைதாப்பேட்டை கோர்ட்டில் நம்மோடு வரிசையில் நின்று, கூண்டில் ஏறி சாட்சி சொல்லட்டும். 213-ல் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.