அநாதேசம் போனவைக்குத் தலைமாறு

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தில இருந்து மூண்டு தரம் போன் எடுத்திட்டினம். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுறதோ, நான் பிறகு வெளிநாட்டில செய்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதுறதோ எண்டு ரெண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டே இருந்தனான், பிறகுதான் பிடிபட்டது, அந்த ஆராய்ச்சி தொடங்கினதே எங்கட காலமைப் பிரார்த்தனையிலதான்.

பஞ்சபுராணம், அதாவது தேவாரத்தில இருந்து பெரியபுராணம் வரைக்கும் ஐஞ்சு பாட்டு, பாடுற பிள்ளையளில நானும் ஒரு ஆள். சங்கீத ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பதிகம் திருக்கோணேச்சரத்தைப் பற்றிச் சம்பந்தர் பாடின "நிரைகழல் அரவம்". கொப்பியைப் பார்த்துப் பாட விடமாட்டா. "கொப்பியை மூடு, என்ர வாயைப் பார்" எண்டுவா. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" எண்ட இடம் வரேக்க அந்த ஓகாரத்தில கொஞ்சம் நிண்டு, உள்ளங்கையைக் கீழ பார்க்கப் பிடிச்சு மெல்ல மெல்லப் பதிச்சு, பிறகு மேல எடுப்பா, அலை வந்து போற மாதிரி. அந்தக் கைக்குப் பின்னால எங்கட குரலும் போகும். இது புறநீர்மை எண்ட பண், பழைய தமிழ் ராகம், இப்ப பூபாளம் எண்டு பாடுறது, விடியப்புறத்துக்கு உரியது எண்டு ஒரு வரியில சொல்லிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவா. அதை நான் பெரிசா எடுக்கேல்ல, அந்தக் கை மட்டும் மனசில நிண்டிட்டுது.

கன வருசத்துக்குப் பிறகு, வந்த நாட்டில ஒரு யூனிவேர்சிற்றியில மத்தியகால ஆய்வு எண்டு முதுகலைக்குச் சேர்ந்தனான். வரலாறு, சமயம், இலக்கியம், இசை நாலையும் ஒரே மேசையில வைச்சுப் படிக்கிற படிப்பு அது, லத்தீன் கட்டாயம், பழைய கையெழுத்து வாசிக்கப் பழகிறதும் கட்டாயம். லத்தீன் சோதினை முதல் தரம் சரிவரேல்ல, ரெண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினனான். பகல் வேலை, பின்னேரம் வகுப்பு. அதைக் கூடச் சொல்லத் தேவையில்லை, எங்களில கனபேர் அப்பிடித்தானே படிச்சது.

ஒரு நாள் வகுப்பில சுவிற்சர்லாந்து சென் கால் மடத்தில இருக்கிற 359ம் இலக்கச் சுவடியைத் திரையில போட்டவை. 10ம் நூற்றாண்டின்ர தொடக்கத்தில எழுதினது, தோத்திரம் பாடுறவர் கையில வைச்சிருந்த பாட்டுப் புத்தகம். லத்தீன் சொல்லுக்கு மேல மெல்லிய கோடுகள், வளைவுகள், புள்ளியள். நியூம் எண்டு சொல்லுவினம். இந்தச் சுவரம் இவ்வளவு உயரம் எண்டு அந்தக் கோட்டில இருந்து எடுக்கேலாது, ஏறுதா இறங்குதா, எங்க நிக்கோணும், எங்க வளைக்கோணும் எண்டதுதான் இருக்கும். இடைக்கிடை சின்னனா ஒரு எழுத்துப் போட்டிருக்கும், "சி" எண்டா கெதியாப் பாடு, "ரி" எண்டா இழுத்துப் பாடு. அப்ப மெட்டு எங்க எண்டு ஒரு பிள்ளை கேட்டது. புரொபசர் பதில் சொல்லாமல் அந்த வரியைப் பாடிக் காட்டினார், பாடேக்க அவற்ற கை தன்பாட்டில அந்தக் கோடு போற மாதிரியே காத்தில போச்சுது.

எனக்கு ரீச்சரின்ர உள்ளங்கை கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுது. அண்டைக்கு இரவு நித்திரை வரேல்ல.

செவில் நகரத்து பிஷப் இசிதோர் எண்டவர், 636இல செத்தவர், மனுசர் ஞாபகத்தில வைச்சிராட்டி ஓசை அழிஞ்சுபோம், ஏனெண்டா அதை எழுதி வைக்கேலாது எண்டு எழுதியிருக்கிறார். அப்பரும் சம்பந்தரும் பாடிக்கொண்டு திரிஞ்ச அதே ஏழாம் நூற்றாண்டு. ஐரோப்பாவில பிறகு 11ம் நூற்றாண்டில அரெற்சோ ஊர் குயிதோ கோடு போட்டுச் சுவரத்தை எழுதுற முறையைச் சீராக்கினார், பாட்டு ஏட்டுக்குள்ள வந்து இருந்திட்டுது. எங்கட பக்கம் குடுமியான்மலைப் பாறையில சுவர வரிசையளைப் பத்தி பத்தியா வெட்டி வைச்சிருக்கினம், ஆனா அதுக்குப் பாட்டு இல்லை, சுவரம் மட்டும்தான். தேவாரத்துக்கு எண்டா மறுபக்கம், சொல் இருக்கு, தலைப்பில பண்ணின்ர பேர் இருக்கு, சுவரம் இல்லை. தேவாரப் பதிகம் 796க்கும் மெட்டு ஆக்களின்ர தொண்டையிலதான் வந்தது.

தேவார ஏடு கண்டெடுத்த கதையைச் சொல்லுற திருமுறை கண்ட புராணத்தை அந்தக் கண்ணோட திரும்பப் படிச்சனான். தில்லையில பூட்டிக் கிடந்த அறை, கறையான் அரிச்ச ஏடு எண்ட பகுதியைத்தான் எல்லாரும் சொல்லுவினம். எனக்கு முக்கியமாப் பட்டது அதுக்குப் பிறகு வாறது. ஏடு கிடைச்சும் அரசன் ராஜராஜனுக்கும் திருமுறையைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பிக்கும் அதைப் பாடத் தெரியேல்ல, திருஎருக்கத்தம்புலியூரில, சம்பந்தரோட யாழ் வாசிச்ச திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போய்த்தான் பண் வாங்கினது. கதையைக் கதையா எடுங்கோ, 9ம் நூற்றாண்டுத் திருவல்லம் கல்வெட்டிலயே திருப்பதியம், அதாவது பதிகம், பாடுற ஆக்களுக்கு நிவந்தம், மானியம், இருக்கு, அதால ராஜராஜன் காலம்வரைக்கும் ஒருத்தரும் பாடேல்ல எண்டு சொல்லேலாது. ஆனா கதையைச் சொன்னவைக்கு ஒண்டு வடிவாத் தெரிஞ்சிருக்கு, ஏடு மட்டும் காணாது.

பிறகு தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு. லைப்ரரியில தென்னிந்தியக் கல்வெட்டுகள் ரெண்டாம் தொகுதியை எடுத்து வைச்சுக்கொண்டு ஒரு மாசம் இருந்தனான். கல்லில புள்ளி வைக்கிறது இல்லை, சொல்லுக்குச் சொல் இடம் விடுறது இல்லை, எகரமா ஏகாரமா எண்டு நாங்கள்தான் கண்டுபிடிக்கோணும், காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய ராஜராஜன் 48 பிடாரரை, பதிகம் பாடுறவையை, வைச்சிருக்கிறான், உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டிமத்தளத்துக்கு ஒருத்தர், எல்லாமா 50 பேர், ஆளுக்கு நாளுக்கு முக்குறுணி, மூண்டு குறுணி, நெல்லு. கணக்குப் பார்த்தனான், பன்னிரண்டு குறுணி ஒரு கலம், அப்ப ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைக் கலம். ஒவ்வொருத்தர் பேரும் வெட்டியிருக்கு, கனபேரின்ர பேர் சிவன் எண்டு முடியுது, தீட்சைப் பேராத்தான் இருக்கோணும். ஆயிரம் வருசத்துக்கு முந்திப் பாடின ஆக்களின்ர பேரை ஒண்டொண்டா வாய்விட்டு வாசிக்கிறது லேசான விசயம் இல்லை.

பேர் வரிசைக்கு முன்னாலயே ஒரு வரி வரும். செத்தார்க்கும் அநாதேசம் போனார்க்கும் தலைமாறு, எண்டா அவைக்குப் பதிலா, அடுத்த முறை உரித்துக்காரர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாடோணும். அவைக்கு அந்தத் தகுதி இல்லாட்டி, தகுதியான ஆளை விட்டுப் பாடுவிக்கோணும்.

அநாதேசம் எண்டா வேற தேசம். அந்த இடத்தில நான் புத்தகத்தை மூடிப்போட்டு வெளிய போய் ஸ்னோவுக்குள்ள கொஞ்ச நேரம் நிண்டனான். போற ஆக்கள் போவினம் எண்டு அவைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, போனவையைக் குறை சொல்லி ஒரு சொல்லும் இல்லை, அந்த இடம் வெறுமையாக் கிடக்கக்கூடாது எண்ட கவலை மட்டும்தான் அந்தக் கல்லில இருக்கு.

கலாநிதிப் பட்டத்துக்கு இதையே எடுத்தனான், சென் கால் நியூமும் தேவாரப் பண்ணும், எழுத்துக்கு வெளியில பாட்டு எப்பிடித் தங்குது எண்டு. வாய்மொழித் தேர்வில ஒருத்தர், உங்கட பள்ளிக்கூட ரீச்சர் பாடினது ஒரு ஆதாரமோ எண்டு கேட்டார். கேட்ட விதம் நல்லா இருக்கேல்ல, எனக்கு இண்டைக்கும் அது நோகுது. ரீச்சர் பாடின பூபாளம்தான் சம்பந்தர் பாடின மெட்டு எண்டு நான் ஒரு இடத்திலயும் எழுதேல்ல. இடையில எத்தினை வாய் மாறியிருக்கும். ஆனா மாறினது எப்பிடி, மாறாமல் நிண்டது எது எண்டு பார்க்கிறதுக்கு வாயாலதான் தொடங்கோணும், அதை நான் இப்பவும் விடமாட்டன். தமிழ்த் துறை சொல்லை எடுத்திட்டுது, வரலாற்றுக்காரர் கல்வெட்டை எடுத்திட்டினம், சங்கீதக்காரர் ராகத்தை எடுத்திட்டினம், சமயம் படிக்கிறவை சித்தாந்தத்துக்குப் போயிட்டினம், பதிகம் நாலாப் பிரிஞ்சு கிடக்கு. பாடுற பிள்ளைக்கு அது ஒண்டுதான்.

ரீச்சர் இப்ப இல்லை. நான் எழுதினதை அவவுக்குக் காட்டக் கிடைக்கேல்ல.

இந்த மலர் வாசிக்கிற ஆக்களில அந்தப் பிரார்த்தனையில பாடினவை கட்டாயம் இருப்பியள். "நிரைகழல் அரவம்" பதிகத்தில முதல் ரெண்டு பாட்டும் ரீச்சரின்ர மெட்டில எனக்கு அப்பிடியே இருக்கு, மூண்டாவது பாட்டில நடுவில ஒரு இடம் அவ வேற மாதிரி எடுப்பா, அது எனக்கு வருகுதில்லை, எத்தினையோ தரம் பாடிப் பார்த்திட்டன். உங்கள் ஆருக்காவது ஞாபகம் இருந்தா, குரல் சரியில்லை, சுருதி இல்லை எண்டு யோசியாதேங்கோ, போனில பாடிப் பதிஞ்சு சங்கச் செயலாளரிட்டக் குடுங்கோ. அவர் எனக்கு அனுப்பிவிடுவார்.