ஹெட்லைட் குழிக்குள் விழுந்த சுருக்கம்

கரூரில் பஸ் பாடி பட்டறைகளுக்கு ஃபைபர் முகப்பு செய்து கொடுத்த ஒரு யூனிட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் முகப்புக்குப் பெயின்ட் கிடையாது. மோல்டில் முதலில் ஸ்பிரே பண்ணும் ஜெல்கோட்தான் வெளித்தோல். அரை மில்லிமீட்டர் கனம். அதில் குறை விழுந்துவிட்டால் பின்னால் எத்தனை மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டாலும் மறையாது.

ஒரு ஐப்பசியில் எடுத்த முகப்புகளில் எல்லா இடமும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஹெட்லைட் குழிக்குள் மட்டும் சுருக்கம். காய்ச்சிய பாலின் ஆடையை விரலால் தள்ளினால் மடியுமே, அப்படி.

ரெசின் (இறுகும் பிசின்) லாட் சரியில்லை என்றார் சூப்பர்வைசர். மழைக்காலம், கம்ப்ரசர் லைனில் தண்ணீர் வருகிறது என்றேன் நான். தண்ணீரோ எண்ணெயோ வந்தால் மீன்கண் மாதிரி குழி விழும், அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. அதை அப்போது யோசிக்கவில்லை. ஜெல்கோட்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரை 2 சதவீதத்திலிருந்து 2.5-க்கு ஏற்றினோம். விளிம்பில் ஜெல்கோட் முன்கூட்டியே மோல்டை விட்டுக் கழன்றது. சுருக்கம் அப்படியே இருந்தது.

ஜெல்கோட் சரியாக இறுகாமலோ மெல்லிசாகவோ இருக்கும்போது மேலே ரெசின் போட்டால், அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் உள்ளே இறங்கி ஜெல்கோட்டை ஊத வைக்கும். ஊதினால் மடிப்புதான். ஈரத்திலேயே கனம் அளக்கும் சீப்பு கேஜ் வைத்துப் பார்த்தோம்: குழிக்குள் 500 மைக்ரான், அதே அரை மில்லிமீட்டர். கனத்தில் குறையில்லை.

இறுகியதா என்று விரலால்தான் பார்ப்போம். பிசுபிசுப்பு இருக்கலாம், கலர் ஒட்டக்கூடாது. எல்லோரும் தொட்டது கைக்கு எட்டும் விளிம்பை. அன்றைக்கு ஸ்பிரே அடிக்கும் அண்ணன் முழங்கை வரை குழிக்குள் விட்டு எடுத்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. "தம்பி, இங்க இன்னும் ஒட்டுதுங்க" என்றார். விளிம்பு இறுகி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். ஜெல்கோட்டிலிருந்து கிளம்பும் ஆவி குழியிலேயே தேங்கி, அங்கே இறுக விடாமல் தடுத்திருக்கிறது. சாரல் அடிக்கிறதென்று நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டதில் அதை வெளியேற்றக் காற்றும் இல்லை. எக்ஸாஸ்ட் குழாயைக் குழிக்குள் இறக்கினோம். ஹார்ட்னரைப் பழையபடி 2-க்கே கொண்டுவந்தோம். அடுத்து, குழியின் அடியில் தொட்டுப் பார்த்த பிறகே மேட். அடுத்த பீஸிலேயே சுருக்கம் இல்லை.

ஷட்டர் இறக்கிய அந்த நாட்கள் முழுக்க அண்ணன் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. குழியில் தேங்கிய அதே ஆவிக்குள் தலையை விட்டுத்தான் அவர் ஸ்பிரே அடித்தார். நாங்கள் பீஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்று மாலையே, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்குக்கு இன்டென்ட் எழுதினேன். முதல் மாஸ்க்கை அண்ணனுக்குக் கொடுத்து, வார் எங்கே இறுக்க வேண்டும் என்று காட்டினேன்.